பத்தாவது கிலோமீட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே வண்டி மறுபடியும் கொதித்தது. இது ஐந்தாவது தடவை. சோலைராஜ் சாவியைத் திருகி இஞ்சினை நிறுத்திவிட்டு, ரோட்டோர வேப்பமரத்தடிக்கு உருட்டிக்கொண்டு வந்தான். ரேடியேட்டர் மூடியோரம் ஆவி சீறியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சிதறிக் கிடந்த மணலில் சறுக்கி இதே மரத்தடியில் விழுந்துதான் அவன் தம்பி வல்லரசு செத்துப்போனான். அன்றைக்கு அவன் ஓட்டிவந்த பைக்கின் இஞ்சின்தான் இது.

வண்டி அப்பளமாக நொறுங்கியும் இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் ஒரு கீறல் இல்லை. மேடு பள்ளத்தில் தாவுகிற வண்டி ஒன்றைத் தன் கையால் கட்டவேண்டும் என்று வல்லரசுக்குக் கொள்ளை ஆசை. நோட்டில் படம்கூட வரைந்து வைத்திருந்தான். ராஜபாளையத்தில் நூல் மில் ஃபிட்டரான சோலைராஜ், பழைய இரும்புக் கடையில் ஒரு பைக் சேஸ் எடுத்து, தகடு வெட்டி, வெல்டு வைத்து, ஒரு வருஷம் மல்லுக்கட்டி அந்த இஞ்சினை அதில் உட்காரவைத்தான். முன்பக்கம் இடம் பற்றாமல் ரேடியேட்டர் சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் போனது. இது வண்டியா, வாழைத்தார் ஏற்றுகிற சட்டமா என்று தெருவே கிண்டலடித்தது. முதல் உதையில் ஸ்டார்ட் ஆனபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. வல்லரசு தெருவுக்குள் நுழைகிற அதே சத்தம். அம்மா குருவம்மாள் அடுப்பைக்கூட அணைக்காமல் வாசலுக்கு ஓடிவந்தாள்.

கொதிக்கிற காரணம்தான் பிடிபடவில்லை. தெருவைச் சுற்றினால் சூடு காட்டுகிற ஊசி அசைவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் விட்டால் அந்த மரத்தடியில் சிவப்பைத் தொடும். கூலன்ட்டை மாற்றினான், குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றினான், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தான், ஹெட் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டான். ஃபேன் சரியான பக்கம்தான் சுற்றியது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

குருவம்மாளுக்குப் பயமே இல்லை. மகன் போனதிலிருந்து பேருக்குக் கொறித்துக்கொண்டிருந்தவள், வண்டி எங்கே நிற்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வயிறாரச் சாப்பிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் சோலைராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே காத்திருப்பாள். திரும்பி வந்ததும் ஒரே கேள்விதான். வண்டி என்று சொல்ல மாட்டாள்.

"ஏலே சோலை, இன்னைக்கும் அங்கன நின்னுட்டானா?"

நின்றுவிட்டான் என்று சொன்னால் அவள் முகம் தெளிந்துவிடும்.

அஃப்சல் ராஜபாளையத்தில் ரேடியேட்டர் வேலை பார்க்கிறவன், வல்லரசின் சேக்காளி. நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டான்.

"அண்ணே, எதிர்ப்பக்கம் சேத்தூர் ரோட்ல ஓட்டிப் பாத்தியளா?"

சோலைராஜ் ஓட்டிப் பார்க்கவில்லை. மில்லில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார் என்று பாடம் எடுக்கிற ஆள், ரோட்டை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியும். தம்பி அந்த மரத்தடியில் இல்லை என்று தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை காலையில், மில்லுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சேத்தூர்ப் பக்கம் திருப்பினான். சேத்தூரும் தாண்டியது. ஒரு தென்னந்தோப்பை ஒட்டி ஊசி ஏற ஆரம்பித்தது. வீட்டிலிருந்து சரியாகப் பத்தாவது கிலோமீட்டர். வேப்பமரத்துக்கும் அதே பத்துதான். ஆவி சீறியது. அந்த இடத்தில் அவனுக்குத் தெரிந்த யாரும் சாகவில்லை. தோப்புக்குள் மோட்டார் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சோலைராஜ் வரப்பில் உட்கார்ந்து அழுதான். எழவு வீட்டில்கூட அவன் இப்படி அழுததில்லை.

வண்டி ஆறியதும் நேரே அஃப்சலிடம் போனான். அஃப்சல் ரேடியேட்டரைக் கழற்றி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். துளி வெளிச்சம் வரவில்லை; காற்றுப் புகாமல்தான் பத்து கிலோமீட்டருக்குள் சூடு ஏறிக் கொதித்திருக்கிறது. ஈர்க்குச்சியால் தகட்டு இதழ்களின் இடுக்கில் நெண்டியதும் மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்துவிட்டுச் சோலைராஜிடம் நீட்டினான். சந்தனம்.

வண்டி கட்டி முடிக்கிற வரைக்கும் அந்த ரேடியேட்டர் வீட்டில் வல்லரசு போட்டோவுக்குக் கீழே சாய்ந்துதான் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் குருவம்மாள் சந்தனத்தைக் குழைத்து, போட்டோவுக்கு ஒரு பொட்டு, இதற்குக் கை நிறைய என்று அப்பியிருக்கிறாள். வண்டியில் மாட்டிய பிறகும் விடவில்லை. வண்டிக்குப் பொட்டு வைக்காத வீடு ஏது என்று சோலைராஜும் கண்டுகொள்ளவில்லை. போதாக்குறைக்கு, மாட்டும்போது ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து எல்லாவற்றையும் உள்ளே தள்ளியவனே அவன்தான்.

அஃப்சல் மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசினான். மஞ்சள் தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. சோலைராஜ் கூடவே குந்தி, நசுங்கிய இதழ்களை நகத்தால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினான்.

"வர்ற வெள்ளிக்கிழமை அம்மா சந்தனத்தோட வருவாகளேண்ணே," என்றான் அஃப்சல். "என்ன சொல்லப் போறீய?"

சோலைராஜ் அடுத்த இதழை நிமிர்த்தினான்.

சாயங்காலம் வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கிளம்பினான். ஊசி பாதியில் நின்றது, நின்றபடியே இருந்தது. வேப்பமரம் வந்தது. இஞ்சின் அதன் பாட்டுக்கு அதைத் தாண்டிப் போனது. எம்புட்டு நல்லா ஓடுது என்று சந்தோஷப்பட வேண்டிய ஆள், தம்பியை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போகிறவன் மாதிரி பதறிப்போனான். கோபுரம் தெரிகிற இடம் வரைக்கும் போய்விட்டு வண்டியைத் திருப்பினான். மரத்தடிக்கு வந்து, சாவியைத் தானே திருகி நிறுத்தினான்.

செல்போன் அடித்தது.

"ஏலே, நின்னுட்டானா?"

கையில் இருந்த சாவியை அவன் பார்த்தான்.

"நின்னுட்டாம்மா."

"சரி. அவசரப்படுத்தாத. இருந்துட்டு வரட்டும்."

மணலைத் தள்ளிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சுத்தமான இதழ்களின் இடுக்கு வழியாக அந்தப் பக்கத்து ரோடு கோடுகோடாகத் தெரிந்தது. இரும்பு ஆறுகிற சத்தம் டக், டக் என்று விட்டுவிட்டுக் கேட்டது. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தான். நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அது முழுக்க ஆறுகிற வரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை.