ரெக்கவரி

சுரங்கத்தின் மேற்குப் பாதை சரிந்ததில் உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் வெல்டரும் ஒருவன். அவன் மனைவி சுரங்கத்தின் கேட் அருகே தரையிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். துணைக்கு அவள் கொழுந்தன். அதே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். அவனிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க மண்வெட்டி வேண்டும் என்று அண்ணி எப்போதும் கேலி செய்வாள்.

அன்று காலை அதிகாரி ஒருவர் வெளியே வந்து, கையிலிருந்த ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ரெஸ்க்யூ முடிந்தது, இனி ரெக்கவரி என்பதுதான் அதன் சாரம். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அண்ணி சிரித்துக்கொண்டே துள்ளி எழுந்தாள். அவள் அம்மா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது டாக்டர் தினமும் சொன்ன சொல் அது.

"கேட்டீங்களா தம்பி? ரெக்கவரியாம்! உங்கண்ணன் எமகாதகன், எனக்குத் தெரியும்!"

கொழுந்தனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுரங்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. அரைத்த கல்லிலிருந்து கைக்கு வரும் தாதுவை அப்படிச் சொல்வார்கள். விபத்து நடந்தால், உயிரோடு மீட்பது ரெஸ்க்யூ. உடலை எடுப்பது ரெக்கவரி. சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வீட்டை நோக்கி ஓடியிருந்தாள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது அந்த ஒற்றை அறை வீட்டின் ஜன்னல் திறந்திருந்தது. படுக்கையில் புது விரிப்பு.

"ஆஸ்பத்திரிக்கு எந்தச் சட்டை எடுத்துட்டுப் போகலாம்? நீலமா, கோடு போட்டதா?"

"நீலம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் தேய்க்கத் தொடங்கினாள். "வரட்டும், நாலு திட்டு திட்டறேன். ஊருக்கெல்லாம் வெல்டிங், வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகுதேன்னு கேட்டுட்டேன். அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனாரு."

"அண்ணி, இஸ்திரிப் பெட்டியைக் கீழ வைங்க."

"ஏன், சூடு அதிகமா?"

"அது டாக்டர் சொல்ற ரெக்கவரி இல்ல."

"பின்ன?"

"உடம்பைத் தேடி எடுக்கறது. இனிமே உயிரோட யாரும் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க."

அவள் வெகுநேரம் சட்டைக் காலரையே நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அங்கயே ஏன் சொல்லல?" என்றாள்.

"சிரிச்சீங்களே அண்ணி. எப்படிச் சொல்றது?"

சட்டையைப் படுக்கையில் போட்டுவிட்டு அதன் மேலேயே விழுந்து அழுதாள். அவன் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சுவரோரம் நின்றான்.

மதியம் இருவரும் மறுபடி கேட்டுக்குப் போனார்கள். உள்ளே மாட்டியிருந்த எலக்ட்ரீசியனின் அம்மா ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். "ஏம்மா, ரெக்கவரின்னா நல்லதுதானே? எம்பையன் பொழைச்சுட்டான்தானே?"

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி அந்த அம்மாளை அணைத்தாற்போல் உட்கார வைத்து, காதருகே குனிந்து, எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். "பொய் சொல்றே" என்று அந்த அம்மாள் அவள் தோளில் அடித்தாள். அடித்த கை ஓயும்வரை அண்ணி அசையவில்லை.

மறுநாள் வெல்டரை மேலே கொண்டுவந்தார்கள். அடையாளம் காட்டக் கொழுந்தனைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க பார்க்க வேணாம் அண்ணி" என்றான்.

அவள் கேட்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.