உப்புத் தொட்டியில் பதினோரு நாள்

பதினோராம் நாள் காலை திலகா ஆய்வுக்கூடத்தைத் திறந்து, கைப்பையைக்கூட வைக்காமல் நேராக உப்புநீர்த் தொட்டியிடம் போனாள். இரண்டு கான்கிரீட் உருளைகள் கழுத்தளவு நீரில் நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் தலையில் மின்சார வயர். வெளியே பல ஆண்டுகளில் பிடிக்கும் துருவை இங்கே சில வாரங்களில் பிடிக்கவைப்பதுதான் சோதனை. முதல் உருளை கழுவிய மணலில் வார்த்தது. அதன் மீட்டரில் நேற்றைய எண்ணேதான். இரண்டாவதின் எண் ஒரே இரவில் இரண்டு மடங்காகியிருந்தது; உள்ளே துரு வேகமாகப் பிடிக்கிறது. குனிந்து பார்த்தாள். மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு விரிசல். அதிலிருந்து பழுப்பு நீர் கசிந்துகொண்டிருந்தது.

அந்த இரண்டாவது உருளையின் மணல் அவள் அக்காள் ரோகினியின் கணவர் தர்மராஜ் கொடுத்தது. லிங்கி ஆற்றுப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கோயில் மண்டபம் கட்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. தூண்கள் வார்க்கும் முன் மணலைச் சோதிக்க வேண்டும் என்றது கோயில் கமிட்டி. அவரே சாக்கைத் தோளில் சுமந்துவந்தார். கூடவே ஒரு பொட்டலம் பிசாங் கோரெங் வாழைப்பழப் பஜ்ஜியையும் மேசையில் வைத்து, "சும்மா ஃபார்மாலிட்டிதானே லா" என்று சிரித்துவிட்டுப் போனார். சொந்தக்காரர் என்பதை மேலாளரிடம் திலகா அன்றே சொல்லிவிட்டாள். அறிக்கையில் வேறொருவர் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. ஆனாலும் தினமும் எண்ணைக் குறிப்பது அவள்தான். அது ஏறிவிடக்கூடாதே என்று பத்து நாளும் வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

அறிக்கையில் படித்து அத்தான் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று தோன்றியது. மேலாளரிடம் கேட்டுக்கொண்டு போன் செய்தாள். தர்மராஜ் ஒன்பது மணிக்குள் வந்துவிட்டார். முழங்கைவரை சிமெண்ட் தூசி.

"ஆத்து மணல்தானே திலகா. லோரிக்காரன் லிங்கி ஆறுன்னு சொல்லித்தான் இறக்கினான்."

"ஆறுதான் அத்தான். ஆனா கடல் தண்ணி ஏறி வர்ற எடத்துல அள்ளியிருக்கான். கழுவவும் இல்ல. உப்பு உள்ளயே இருக்கு."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அதற்கான ஆறுதலையும் தயாராக வைத்திருந்தாள். "இன்னும் தூண் போடலதானே. மணல மாத்திட்டா போதும். ஒண்ணும் கெட்டுப்போகல."

 அவர் தொட்டியருகே குந்தி, விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோட்ட நான் பாத்திருக்கேன்மா."

"எங்க?"

"அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி கேண்டீன்ல. எட்டு வருசத்துக்கு முன்ன நான் கட்டினது. இதே லோரிக்காரன் மணல். போன வருசம் மேல கூரையில இப்படித்தான் கோடு விட்டுச்சு. மழைத்தண்ணின்னு நெனச்சு பூசி, சாயம் அடிச்சிட்டேன்."

அந்தக் கேண்டீனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எந்தத் தாளிலும் அது இல்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது. அக்காளின் முகம் நினைவுக்கு வந்தது. அத்தானின் தொழிலில்தான் அந்தக் குடும்பமே நிற்கிறது.

"நானே போய்ச் சொன்னா இனிமே எவன் எனக்கு வேல குடுப்பான்?" என்றார்.

"தெரியல அத்தான்" என்றாள்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளி இடைவேளை மணி இன்னும் அடித்திருக்காது. பிறகு கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"வள்ளிநாயகி டீச்சருங்களா? நான் தர்மராஜ், கேண்டீன் கட்டினவன். இன்னிக்குப் பிள்ளைங்கள கேண்டீனுக்குள்ள விடாதீங்க டீச்சர். வந்து சொல்றேன்."

திலகா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவருடைய வேனிலேயே ஏறினாள். செம்பனை வரிசைகள் இருபுறமும் ஓடின. வளைவுகளில் அவர் வழக்கத்தைவிட மெதுவாகப் போனார்.

தலைமையாசிரியை வள்ளிநாயகி பள்ளி வாசலிலேயே காத்திருந்தார். "என்னா விசயம் தர்மராஜ்? பிள்ளைங்க பசியோட இருக்காங்க லா."

"காட்டுறேன் டீச்சர்."

பெண்கள் இருவரையும் கேண்டீன் வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒரு நீளக் கம்பை எடுத்து, ஓரமாக நின்று கூரையைத் தட்டினார். முதல் இரண்டு தட்டும் உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலித்தன. மூன்றாவதில் சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து சாப்பாட்டு மேசைமேல் விழுந்து உடைந்தது. மேலே, துரு உப்பிய கம்பி தெரிந்தது.

"கோடு விட்டப்பவே தட்டிப் பாத்திருக்கணும் டீச்சர்" என்றார் தர்மராஜ். "நான்தான் சாயம் அடிச்சு மூடினேன்."

தலைமையாசிரியை அவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு சமையற்கார அம்மாவைக் கூப்பிட்டு, சாப்பாட்டை வெளியே கொண்டுபோகச் சொன்னார். அதற்குள் இடைவேளை மணி அடித்தது. சமையற்கார அம்மா, பின்பக்க அடுப்பிலிருந்து இறக்கிய மீ ஹூன் சேமியாச் சட்டியைத் தூக்கிக்கொண்டு திடலில் இறங்கினார். அவர் பின்னால், காலித் தட்டுகளை வெயிலுக்குத் தலையில் கவிழ்த்துப் பிடித்தபடி, பிள்ளைகள் ஒரே வரிசையாகச் செம்பனை நிழலை நோக்கி நடந்தார்கள்.