பத்தாம் நம்பர் நீலம்

புளிப்பளக்கும் மீட்டர் மூன்றாவது முறையும் எண்பத்தொன்பது சதவீதம் என்றது. அதன் கண்ணாடி மின்முனைக் குச்சியைத் தினமும் காலையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அளவு தெரிந்த மூன்று கரைசல்களில் முக்கிச் சரிபார்க்கும்போது குறைந்தது தொண்ணூற்றைந்து காட்ட வேண்டும்; காட்டாத குச்சியால் எதை அளந்தாலும் செல்லாது. அப்படி எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியவளே அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணிதான்.

அவளை முதலில் அண்ணி என்றவன் அவள் கொழுந்தன். இருவருக்கும் ஒரே ஆலையில் வேலை. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, மேனேஜர் முதல் லாரி ஓட்டுநர்வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். இப்போது அவன் ஆய்வக வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் பொறுப்பில் விட்ட முதல் தொட்டி இது, ஐயாயிரம் லிட்டர் திராட்சைச் சாறு. புளிப்பின் அளவு தெரிந்து மதியம் இரண்டு மணிக்குள் பாட்டிலில் ஏறாவிட்டால் சாறு நொதித்துப் பொங்கிவிடும். சாறு சாக்கடைக்குப் போகும், அவன் பழையபடி மூட்டை தூக்கப் போவான்.

"அண்ணி, கண்ணால பாத்துச் சொல்லிற முடியாதா?"

"கறுப்புச் சாறுல காரத்த விட்டா எந்த நிறம் மாறுறதடா பாக்கறது? குச்சிதான் சொல்லணும்."

மேனேஜர் வந்து குச்சியை உற்றுப் பார்த்தார். "வயசாயிருச்சு அண்ணி, தூக்கிப் போடுங்க. புதுசு வர மூணு நாளாகும். தொட்டியத் தொறந்து விட்டுற வேண்டியதுதான்."

"வயசானதையெல்லாம் தூக்கிப் போடறதுன்னா நாம ரெண்டு பேரும் இங்க நிக்க முடியாது சார். குச்சி நல்லாத்தான் இருக்கு. கரைசல்லதான் கோளாறு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று மேனேஜர் முணுமுணுத்தார்.

கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் என்ன செய்வாள்? நேற்று மாலைவரை தொண்ணூற்றெட்டு காட்டிய கண்ணாடி ஒரே இரவில் கிழடு தட்டாது. அண்ணிக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. நான்காம் நம்பர் சிவப்பிலும் ஏழாம் நம்பர் மஞ்சளிலும் மட்டும் குச்சியை முக்கினாள். தொண்ணூற்றெட்டு.

"பாத்தீங்களா? மூணு சாட்சில ரெண்டு ஒத்துப்போகுது. பத்தாம் நம்பர் நீலந்தான் பொய் சொல்லுது."

ஆனால் சாற்றில் சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டுப் புளிப்பை அளக்கும் கணக்கு ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் முடிகிறது. நீலம் இல்லாமல் ஆகாது. அலமாரியில் முத்திரை உடைக்காத நீலப் பாட்டில் ஒன்றே ஒன்று இருந்தது.

"இதுவும் எண்பத்தொன்பதுன்னா?" என்றார் மேனேஜர்.

"சொல்லாது."

உடைத்தாள். குச்சியைக் கழுவி, தேய்க்காமல் காகிதத்தில் ஒற்றியெடுத்து, புது நீலத்தில் இறக்கினாள். எண் தயங்கி ஏறித் தொண்ணூற்றெட்டில் நின்றது.

பிறகுதான் பழைய பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். நேற்று அடியில் இரண்டு விரல் உயரம் இருந்த நீலம் இன்று நான்கு விரல் இருந்தது.

"இது எப்படி வளந்துச்சு? யாரு கை வெச்சது?"

கொழுந்தன் ஓரடி முன்னால் வந்தான். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான். நேத்து உங்களுக்கு லேட்டாகுதேன்னு பீக்கரெல்லாம் கழுவி வெச்சேன். நீலம் அவ்ளோ பளிச்சுன்னு இருந்துச்சு. கொட்ட மனசு வரல, பாட்டில்லயே திருப்பி ஊத்திட்டேன்."

"நாள் பூரா காத்துல கெடந்தது, சாறு பட்ட குச்சிய முக்குனது! குடிச்ச மிச்சத்தக் கொண்டுபோய் குடத்துல ஊத்துவியாடா?"

கத்தினாளே தவிர, அவன் ஒளிக்காமல் சொன்னதில் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. மேனேஜர் அவனை முறைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவனை விரட்டினார்.

"என்ன நிக்கிற? உன் தொட்டிதானே? ஓடிப்போய் சாம்பிள் கொண்டா."

ஒரு மணிக்கெல்லாம் சாறு பாட்டிலில் ஏறத் தொடங்கியது. அவன் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தபோது, பீக்கரில் மீந்திருந்த புது நீலத்தை அண்ணி அவன் கையில் கொடுத்தாள்.

"கொட்டு."

"இப்பத்தானே அண்ணி தொறந்தீங்க, சுத்தமா..."

"கொட்டுன்னேன்."

தொட்டிச் சாறே போவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை கொட்டினான்.