சுவரில் தொங்கிய டாக்டர்

"ஏட்டி பிரிஜா, உனக்க அந்த வெள்ளைக் கோட்டு எங்க கெடக்கு?"

மாமியார் பகவதியம்மாள் அடுக்களை வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். சாளை மீனுக்கு மசாலா புரட்டிக்கொண்டிருந்த பிரிஜாவுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டில் அவளிடம் தேங்காய் கேட்டிருக்கிறார்கள், பீரோ சாவி கேட்டிருக்கிறார்கள், விசேஷம் ஏதும் உண்டா என்று வாரம் தவறாமல் கேட்டிருக்கிறார்கள். கோட்டை யாரும் கேட்டதில்லை.

"எதுக்கு மாமி?"

"ஆபீசர்மாரு செக்கிங் வந்திருக்காவ. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நிக்கிறாவளாம். அடுத்தது நாமதான். கையைக் கழுவிட்டு ஓடு பிள்ளே!"

பிரிஜா பல் டாக்டர். பி.டி.எஸ். முடித்து, கவுன்சிலில் முறையாகப் பதிவு செய்தவள். அவள் கணவன் அனில்குமார் பல் டாக்டர் அல்ல. பல் செட் செய்கிற படிப்பில் சேர்ந்து, அதையும் பாதியில் விட்டவன். ஆனால் மார்த்தாண்டத்தில் எல்லோரும் அவனைத்தான் "டாக்டரே" என்று கூப்பிட்டார்கள்.

பல் செட் கடையாக இருந்ததை ஆஸ்பத்திரி ஆக்கியவர் மாமனார் கிருஷ்ணமணி. பதிவு பெற்ற டாக்டரின் பெயரும் எண்ணும் இல்லாமல் இனி கிளினிக் நடத்த முடியாது என்று அரசாங்கம் கெடுபிடி செய்யத் தொடங்கியபோது, அவர் ஆழமாக யோசித்தார். சம்பளத்துக்கு டாக்டர் வைத்தால் மாதாமாதம் நாம் கொடுக்க வேண்டும். மருமகளாக வைத்தால் பெண் வீட்டார் நமக்குக் கொடுப்பார்கள்.

அப்படித்தான் சம்பந்தம் திற்பரப்புக்குப் போனது. "மாப்பிள்ளை டெண்டல் லைனாக்கும்" என்று தரகர் முருகதாஸ் சொன்னதை, ரப்பர் பால் வெட்டுகிற பிரிஜாவின் அப்பா டாக்டர் என்றே புரிந்துகொண்டார். நகை போட்டார். கார் வேண்டாம், அதற்குப் பதிலாக நோயாளி சாய்ந்து படுக்கிற புது நாற்காலி போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அதையும் வாங்கிக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்த வாரத்தில், "சர்ட்டிபிகேட்டைத் தா மக்களே, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தாறேன்" என்று மாமனார் வாங்கிப் போனார். சட்டம் போட்டது உண்மை. அது ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கியது. கூடவே அவளும் வேலைக்கு வருவதாகச் சொன்னபோதுதான் வீடு அதிர்ந்தது.

"நம்ம வீட்டு மருமவ கண்ட ஆம்பிளைகளுக்க வாய்க்குள்ள கையை விடுகதா?" என்று பகவதியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "பின்ன அந்தக் கையாலயா சாமிக்கு விளக்குப் போடுவா?"

மகனும் அதே வாய்களில்தான் கை விட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவன் விளக்குப் போடுவதில்லை.

கோட்டு பெட்டிக்கு அடியில் இருந்தது. பாச்சா உருண்டை வாடையோடு அதை மாட்டிக்கொண்டு, வீட்டின் முன்பகுதியிலிருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள் பிரிஜா. நாற்காலியில் முட்டத்திலிருந்து வந்த மீனவர் மரியஜான், வாயைப் பிளந்தபடி கிடந்தார். கடலில் எதற்கும் பயப்படாத மனிதர், கைப்பிடிகளை இறுகப் பற்றியிருந்தார்.

"பாதியில நிக்குது. நீ முடிச்சிரு" என்று சொல்லிவிட்டு அனில்குமார் வீட்டுக்குள் ஓடினான்.

அவள் வாய்க்குள் பார்த்தாள். கடைவாய்ப் பல்லை மேலோடு ஒடித்து வைத்திருந்தான். வேர் உள்ளேயே இருந்தது. ரத்தம் நிற்கவில்லை. தட்டிலிருந்த பல் பிடுங்கும் குறடுகளைப் பார்த்தாள். அவை பழைய இட்லிப் பானையில் வெந்நீர் வைத்து அலசப்பட்டவை. கிருமி நீக்கும் மிஷின் பெட்டி பிரிக்கப்படாமல் மூலையில் இருந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

"என்ன பாக்க? பிடுங்கு!" என்றார் கிருஷ்ணமணி.

"இதை வச்சு நான் கை வைக்க மாட்டேன் மாமா."

புதுப் பாக்கெட்டிலிருந்து கையுறையும் பஞ்சும் எடுத்தாள். பஞ்சை மடித்து வைத்து, "அண்ணே, இதைக் கடிச்சுப் பிடியுங்க. ஒண்ணும் பயப்படண்டாம். நான் சீட்டு எழுதித் தாறேன், நாகர்கோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போயி வேரை எடுத்திருங்க" என்றாள். டாக்டராக அந்த வீட்டில் அவள் செய்த முதல் வேலை அதுதான்.

அதிகாரி அம்மா உள்ளே வந்தபோது கிருஷ்ணமணி வாயெல்லாம் பல்லாக நின்றார். "எனக்க மருமவளாக்கும் டாக்டர். எல்லாம் அவதான் பாப்பா."

"ஊசி போட்டது யாரு?" என்று அதிகாரி மரியஜானிடம் கேட்டார்.

பஞ்சைக் கடித்திருந்த, பாதி மரத்த வாயோடு மரியஜான் கையை நீட்டினார். "ஆக்டர்... உள்ள... ஓனாரு."

"மரத்துப் போனதுல உளறுகாரு" என்றார் கிருஷ்ணமணி.

அதிகாரி பிரிஜாவைப் பார்த்தார். "தினமும் நீங்கதான் பாக்குறீங்களா, டாக்டர்?"

யாரோ தன்னை டாக்டர் என்று கூப்பிட்டு எத்தனை காலமாகிவிட்டது! கதவுக்குப் பின்னால் மாமியார் கண்ணால் கெஞ்சுவது தெரிந்தது. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"இல்ல மேடம். இன்னைக்குத்தான் இந்த ரூமுக்குள்ள வாறேன். இங்க பாக்குறது எனக்க ஹஸ்பெண்டு. அவரு டாக்டர் இல்ல."

"இதைச் சொன்னா உங்க பதிவுக்கும் ஆபத்துன்னு தெரியுமா?"

"தெரியும். சொல்லல்லேன்னா வாறவங்களுக்கு ஆபத்து."

அன்று மாலையே கதவில் சீல் விழுந்தது. ராத்திரிக்கு முன்னால் அவள் திற்பரப்பு பஸ்ஸில் இருந்தாள். போகச் சொன்னது அவர்கள்; அவளும் மறுக்கவில்லை.

கவுன்சில் விசாரித்தது. பெயரைக் கடன் கொடுத்த குற்றத்துக்காகப் பிரிஜாவின் பதிவைச் சில மாதம் நிறுத்தி வைத்தது. அனில்குமாரை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நிறுத்தி வைக்க அவனிடம் பதிவு என்று ஒன்று இருந்தால்தானே! அவன் மேல் போலீஸ் கேஸ் இருந்தது. அது வாய்தா வாய்தாவாக நகர்ந்தது.

ஒருநாள் தரகர் முருகதாஸ் திற்பரப்புக்கு வந்தார். அவித்த மரச்சீனிக் கிழங்கை மிளகாய்ச் சட்னியில் தொட்டுத் தின்றுகொண்டே சமாதானம் பேசினார். "தடை தீர்ந்ததும் திரும்ப வந்திரச் சொல்லுகாவ. நீ ஒண்ணும் செய்யண்டாம் பிள்ளே. பேரு மட்டும் போதும்."

"வாறேன் அண்ணே. நான் ஆஸ்பத்திரி பாக்கேன். அவரு அடுக்களையில சோறு வைக்கட்டு."

முருகதாஸுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். "அப்போ அவங்க வேற பெண்ணு பாக்க வேண்டியதுதான்."

"பி.டி.எஸ்.தானா?"

"பின்ன?" வாசலில் செருப்பை மாட்டியவர் கூச்சமில்லாமல் திரும்பினார். "உனக்க கூடப் படிச்ச பிள்ளைகள் யாராவது உண்டா?"

அவர் போனதும் பிரிஜா போனை எடுத்தாள். கல்லூரித் தோழிகளின் குரூப்பில் நடந்ததையெல்லாம் எழுதினாள். மாமனார் பெயர், வீட்டு அடையாளம், எல்லாம். 'இந்த வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்' என்று முடித்தாள்.

தன் கல்யாணத்துக்குப் பிறகு அந்த குரூப்பில் வாயே திறக்காதவள் ரெஜிஷா. வகுப்பில் முதலாவதாக வந்தவள். அவளிடமிருந்துதான் முதலில் பதில் வந்தது.

"வீடுதான் வேற, எனக்கும் இதே கதைதான். நீ எப்படி வெளிய வந்தே மக்கா? சொல்லு. நான் அடுக்களையிலதான் நிக்கேன், மாமி குளிக்கப் போயிருக்கா."