நிபின் எழுதிய அறிக்கை

ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. மறுநாளே என் வீட்டுக்காரர் நிபின் வேலைக்குக் கிளம்பினார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. இவரெல்லாம் மனிதனா என்று பையைத் தூக்கிக்கொண்டு ஆரியங்கோட்டிலிருந்து பாறசாலைக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். போனையும் எடுக்கவில்லை.

நேரில் வந்தார். வந்தும் ஊமை மாதிரி நின்றார்.

"ஒங்க வாயிதான் தொறக்காதே! மனசில வல்லதும் உண்டெங்கி எழுதிக் கொண்டு வாருங்க. தமிழிலயாக்கும் எழுதணும்!" என்றேன்.

வேண்டுமென்றேதான் சொன்னேன். எங்கள் ஊர்கள் கேரளத்தில். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் அவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அம்மா சொன்னாள்: "மக்கா, மருமவன் தங்கையனுக்க டீக்கடையில தமிழ் பேப்பர வச்சு எழுத்துக் கூட்டிப் படிக்கியாராம்."

"படிக்கட்டும்" என்றேன்.

இரண்டு மாதத்தில் கடிதத்தோடு வந்தார். என்னிடம் நீட்டிவிட்டு முற்றத்திலேயே நின்றுகொண்டார்.

'மதிப்பிற்குரிய ஜிஜா அவர்களுக்கு, தற்போது நிலவும் பதற்றமான சூழல் குறித்து ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறேன். எனது தரப்பில் நிகழ்ந்த தவறுக்கு நிபந்தனையற்ற மன்னிப்புக் கோருகிறேன். சுமுகமான பேச்சுவார்த்தைக்கு எப்போதும் தயார்.'

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "யம்மா, இங்க வந்து பாரு! நீ எனக்குக் கெட்டித் தந்தது மாப்பிளையா, மந்திரியா?"

முற்றத்தில் அவருடைய காது சிவந்தது. நான் கடைசி வரிக்கு வந்தேன்.

'நமது குழந்தையின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு.'

தலைவர்கள் செத்தால் பேப்பரில் போடுவது. எத்தனையோ முறை படிக்காமலே பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லாத பேச்சு. என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "போவட்டு மக்கா, சின்ன வயசுதானே, இனியும் உண்டாவும்" என்றுதான் சொன்னார்கள். பெயர்கூட வைக்காத என் பிள்ளையை இழப்பு என்று சொன்னது இவர் ஒருவர்தான். கடிதத்தோடு முற்றத்தில் இறங்கினேன்.

"இத எழுத இவ்வளவு நாளா?"

"மத்ததெல்லாம் பெட்டெண்ணு எழுதிட்டேன். கடைசி வரிக்குத்தான் ஒரு மாசம் ஆச்சு."

"எழுத்து தெரியலியா?"

"எழுத்தெல்லாம் தெரியும் ஜிஜா. எழுத இருந்தா அழுகை வரும். கடையில ஆளு உண்டுல்லா, மடக்கி வச்சிட்டு எந்திச்சுப் போயிருவேன்."

கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்தேன். அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, எங்கள் பிள்ளைக்காக முதல்முறையாகச் சேர்ந்து அழுதோம்.