திரும்பி வந்த எடைக்கல்

ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் ஆற்றல் பாடம் வந்துவிட்டால் சேக் தாவூது சாருக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். மற்ற பாடங்களை நடத்துவார். இதை மட்டும் நடித்துக் காட்டுவார். உயிரைக் கொடுத்துப் பாடம் எடுக்கிற வாத்தியார் என்று உத்தமபாளையம் வட்டாரத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதில் பெரும்பங்கு அவருடையதே. உயிரெல்லாம் கேட்கவில்லை, முன்பல் இரண்டும் மூக்குத் தண்டும்தான் கடைசியில் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தவர் அவர் ஒருத்தர் மட்டும் என்றால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே முடித்துவிடலாம்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம். மனைவியின் தம்பி ரபீக் வைத்திருந்த திராட்சை கமிஷன் கடையிலிருந்து பத்து கிலோ இரும்பு எடைக்கல்லைத் தூக்கி சைக்கிள் கேரியரில் கட்டினார்.

“கல்லக் கொண்டுபோனா நான் எத வச்சு நிறுக்க மச்சான்?”

“இன்னைக்கு ஒரு நாளு மனசாட்சிய வச்சு நிறு மாப்ள.”

பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, வகுப்புக்குப் பின்னாலிருந்த வேப்பங்கிளையில் நைலான் கயிறு போட்டுக் கல்லைத் தொங்கவிட்டார். சுவரில் பின்னந்தலையை ஒட்டி நின்றுகொண்டு, கல்லை இழுத்து மூக்கு நுனியில் வைத்தார்.

“இது இப்ப மேல நிக்கிது. நிக்கிறதுனாலயே இதுக்குள்ள ஆற்றல் சேந்து கெடக்கு. விட்டா ஓடும், அங்கன போயி ஏறும், திரும்பி வரும். ஆனா என் மூக்குல படாம நின்னுரும். ஏன்?”

ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லோரும் மூக்கைத்தான் பார்த்தார்கள். பார்க்கிற மாதிரியான மூக்குதான்.

“குடுத்ததுக்கு மேல திரும்பி வராது. ஆற்றல ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. யாராச்சும் குடுத்தாத்தான் உண்டு.”

மாரிசெல்வம் எழுந்தான். “சார், நீங்களே விட்டா நைசா ஏமாத்திருவீக.”

“ஏலே, அப்ப நீ வந்து விடு.”

“எதுக்கு சார் அந்தப் பாவம் எனக்கு?”

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு சாருக்குக் கள் மாதிரி. கைக்குட்டையால் தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டச் சொன்னார். பிறகு பூமாரியைக் கூப்பிட்டார்.

பூமாரி முதல் பீரியடில் தூங்குகிற பிள்ளை. அவளுடைய அம்மா மொக்கம்மாள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளத்து ஏலக்காட்டுக்குப் போகிறவள். வீட்டில் கைக்குழந்தை. அது தூங்கிய பிறகுதான் பூமாரி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் வருவாள். சாருக்கு அவள் தூக்கம் தெரியும், அதன் காரணம் தெரியாது. “பூமாரிகிட்ட நிலை ஆற்றல் மட்டுந்தான் இருக்கு, இயக்க ஆற்றலே கெடையாது” என்று போன வாரம்தான் ஒரு ஜோக் அடித்திருந்தார். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவள் முழித்திருந்தது அதிசயமாக இருந்ததால் அவளையே கூப்பிட்டார்.

“தள்ளக் கூடாது தாயி. வெறுமனே கைய எடுக்கணும். அவ்வளவுதான்.”

“சரி சார்.”

இரண்டு உள்ளங்கையாலும் கல்லைத் தாங்கி அவர் மூக்கு நுனியில் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்தியது. கையை எடுத்தாள். எடுக்கிற அந்த நேரத்தில் விரல்கள் கல்லை ஒரு சின்ன அனுப்பு அனுப்பின. வாசல் வரை வந்து வழியனுப்புகிற மாதிரி அவ்வளவு மெதுவாக.

சார் அதைப் பார்த்துவிட்டார். தலையைத் திருப்ப நேரமும் இருந்தது. ஆனால் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆற்றல் விதிக்குப் பயந்து ஓடுகிற இயற்பியல் வாத்தியாராக எப்படி இருப்பது? கல் அந்தப் பக்கம் போய் ஏறியது. திரும்பியது. விதி கடுகளவும் பிசகவில்லை. கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து சேர்த்தது.

தேனி ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சும் வாயில் கட்டுமாகக் கிடந்தார். மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் அழுதுகொண்டே திட்டினாள்.

“கல்லுக்கு முன்னாடி மொகத்த நீட்டுற மனுசன்கிட்ட ஊர்ப் பிள்ளைகள யாரு நம்பி விட்டாக?”

தலைமை ஆசிரியர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். முகத்தில் ஹார்லிக்ஸைவிடக் கவலை அதிகம்.

“மேல இருந்து கேட்டா என்ன சார் சொல்றது? புஸ்தகத்துல இல்லாதத செஞ்சு காட்டுனாரு, விதி பொய்யாப் போச்சுன்னா?” குரலைத் தாழ்த்தினார். “இல்ல, அந்தப் புள்ள தள்ளிருச்சா?”

பேச முடியாது. தலையை ஆட்டலாம். விதி தோற்றுப்போனதாக ஊர் பேசுவதை சாரால் தாங்க முடியவில்லை. மேலும் கீழும் ஆட்டினார். வலித்தது. பக்கவாட்டில் ஆட்டியிருந்தாலும் அதே அளவுதான் வலித்திருக்கும்.

உடம்பு தேறிப் பள்ளிக்கூடம் போன அன்று பூமாரியின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் உட்காரும் கயலிடம் கேட்டார். அவள் டெஸ்க்கைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

“பிரேயர்ல முன்னாடி கூப்பிட்டு நிப்பாட்டுனாக சார். வெளையாட்டுத்தனமா வாத்தியார் மொகத்த ஒடைச்ச புள்ள இதுதான்னாக. ‘சாரே சொல்லிட்டாரு’ன்னு மைக்குல சொன்னாக. போலீஸ் வரும்னு ஊருக்குள்ள பேச்சு. அவுக ஆத்தா வந்து ஹெச்செம் கால்ல விழுந்துட்டு கூட்டிட்டுப் போயிட்டாக. இப்ப ஏலக்காட்டுக்குப் போறா சார்.”

தலைமை ஆசிரியர், “வரச் சொல்லுங்க சார், யாரு வேணாம்னா?” என்றார். பதிவேட்டில் பெயரை இன்னும் அடிக்கவில்லையாம். பெரிய மனசு.

மறுநாள் வெளுக்கும் முன்னே கம்பத்தில் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போனார். தலையில் துண்டு கட்டிய பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மொக்கம்மாள் அவரைப் பார்த்ததும் கீழே குதித்துக் கும்பிட்டாள்.

“சாரு, சின்னப்புள்ள சாரு. கேசு கீசுன்னு போட்டுறாதீக.”

“கேசெல்லாம் இல்லம்மா.” பல் சந்தில் காற்றுதான் முதலில் வந்தது, பேச்சு அப்புறம் வந்தது. “தப்பு எம்மேலதான். பல்லக் காட்டிக்கிட்டு முன்னால நகந்துட்டேன். பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க.”

ஜீப்புக்குள் இரண்டு பெண்களுக்கு நடுவே, மடியில் குழந்தையோடு பூமாரி உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க நகரல சார்,” என்றாள். “நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். கல்லு அந்தப் பக்கம் கூடுதலா ஏறுச்சு. யாரும் குடுக்காம அது ஏறாதுல்ல?”

பாடத்தை இவ்வளவு சுத்தமாக இதுவரை யாரும் அவரிடம் திருப்பிச் சொன்னதில்லை.

“வேணும்னு தள்ளல சார். தொட்டில்ல சும்மா கைய எடுத்தா தம்பி முழிச்சுக்கிருவான். ஒரு தள்ளு தள்ளிட்டுத்தான் எடுக்கணும். கை அப்படியே பழகிப் போச்சு.” காற்றில் செய்து காட்டினாள். அதே அனுப்பு.

“அதான் தாயி, ஒந்தப்பு இல்ல. வா.”

“சாரே சொல்லிட்டாருன்னு எல்லாருக்கும் சொல்லிட்டாக. நீங்க சொன்னதும் நெசந்தான சார். நான் அங்கன எப்படி வந்து உக்கார்றது?”

அவர் கொண்டுபோயிருந்தது ஒரே ஒரு பொய். அது முடிந்துபோயிற்று. மொக்கம்மாள் கிட்டே வந்து குரலை இறக்கினாள்.

“கங்காணிகிட்ட பதினெட்டு வயசுன்னு சொல்லி வச்சிருக்கேன் சாரு. நீங்க இங்கன நின்னுக்கிட்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னு கத்தாதீக.”

டிரைவர் ஹாரனை அழுத்தினான். “சாரும் காய் எடுக்க வாரீகளா? அந்த வேலைக்குப் பல்லு வேண்டியதில்ல!”

பெண்கள் சிரித்தார்கள். சாரும் சிரித்தார், பழக்க தோஷம்.

“சார், ஒரு சந்தேகம்,” என்றாள் பூமாரி. “ஆற்றல் அழியாதுன்னீகள்ல. ஒங்க மொகத்துல பட்டதும் கல்லு நின்னுருச்சு. அப்ப நான் குடுத்தது எங்க போச்சு?”

இத்தனை வருஷமும் இப்படி ஒரு கேள்விக்காகத்தான் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அது ஏலக்காட்டு ஜீப்பின் பின்சீட்டிலிருந்து வந்தது.

“சத்தமா கொஞ்சம் போச்சு. சூடா கொஞ்சம்…” ஜீப் உறுமியது.

“கேக்கல சார்!”

பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். “மிச்சம் எலும்ப ஒடைக்கிறதுல…”

அவள் தலையை ஆட்டினாள். புரிந்து ஆட்டினாளா, ஜீப் குலுங்கியதில் ஆடியதா, தெரியவில்லை. மொக்கம்மாள் தன் துண்டை அவிழ்த்து மகளின் தலையில் கட்டினாள், கொஞ்சம் வயசு கூடித் தெரிய. ஜீப் மெட்டுப் பாதையில் திரும்பியது. உள்ளே அடைத்ததுபோக மூன்று பேர் பின்னால் தொற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாரம், அந்த உயரம், ஏற ஏற அதற்குள் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகிறது என்று கணக்குப் போட ஆரம்பித்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

பல் போன சந்தில் மேல்காற்று ஜில்லென்று ஏறியது. வாயை மூடிக்கொண்டு முதல் பீரியடுக்குக் கிளம்பினார்.