விரலிடுக்கு

...மெதுவாக அடி என்கிறான், கட்டையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, உதடு அசையாமல், ஜனத்துக்குக் கேட்காமல், "அண்ணே, பாத்து அடிண்ணே", இன்றைக்கு மட்டும் நான் இவனுக்கு அண்ணன், நேற்று வரைக்கும் உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு ஏம்பா சிலுவை, டேய் சிலுவை என்று கூப்பிட்ட வாய்தான் இது, மேஸ்திரி ஆண்ட்ரூஸ், பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் கோயில் மைதானத்தில் இயேசுநாதர். பதிமூன்று வருஷமாக அவன்தான் சாமி, நான்தான் சுத்தியல் பிடிக்கிற சேவகன், சிலுவைமுத்துக்கு எழுத்து தெரியாது, வசனம் கொடுத்தால் மறந்துபோவான், சுத்தியலைக் கொடுங்கள் என்று அப்போது முடிவு பண்ணினார்கள், இப்போது எனக்கு எழுத்து தெரியும், ஆனாலும் சுத்தியல்தான். ஆணியை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்துக் கட்டையில் இறக்க வேண்டும், பார்க்கிறவர்களுக்கு உள்ளங்கையில் இறங்குவது மாதிரி இருக்கும், ஒரு நூல் தப்பினால் எலும்பு போய்விடும், எனக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. என்ன கை இது, பஞ்சு மாதிரி, உப்பு வாராத கை, ஒரு வெடிப்பு உண்டா, ஒரு புண் உண்டா, இதில் சாயத்தை ஊற்றித்தான் ரத்தம் காட்ட வேண்டியிருக்கிறது...

சிலுவையில் அறைவதாம். யார் வாயில்தான் இல்லை இந்த வார்த்தை. முதலாளி இரண்டு வார்த்தை திட்டினால் போதும், இவன் டீக்கடையில் வந்து உட்கார்ந்து, "மொதலாளி என்னச் சிலுவையில அறைஞ்சிட்டாருப்பா" என்பான், போண்டாவைக் கடித்துக்கொண்டே. எலெக்‌ஷன் வந்ததிலிருந்து கடைத்தெருச் சுவரில், எங்கள் அண்ணனைச் சிலுவையில் அறையாதே என்று பச்சை எழுத்து, அந்த அண்ணன் ஏசி காரில் கண்ணாடியைக்கூட இறக்காமல் போகிறார், வெயில் அறைந்துவிடும் போல. வீட்டில் சகாயமேரி, "நீதான்யா எனக்கு வாய்ச்ச சிலுவை" என்கிறாள், சரி, அவள் சொல்லலாம், என்னோடு முப்பது வருஷம் உப்பு சுமந்தவள். தவக்காலத்துப் பிரசங்கத்தில் சாமியார் சொன்னார், ரோமைக்காரன் இந்தத் தண்டனையைத் தன் பெரிய மனுஷனுக்குக் கொடுக்க மாட்டானாம், அடிமைக்கும் எதிர்த்து நின்றவனுக்கும்தான், ரோட்டோரத்தில், போகிறவன் வருகிறவன் பார்க்கட்டும் என்று. கேட்டதும் எனக்குப் பளிச்சென்று ஆனது, அப்படியானால் இது எங்கள் பங்கு, வெயிலும் உப்பும் மாதிரி, அதையும் இவன்கள் வாரிக்கொண்டான்கள், போண்டா தின்கிறவனெல்லாம் சிலுவையில் தொங்குகிறான். முகத்தில் காறித் துப்பலாம் என்று வருகிறது, துப்புகிற காட்சி முடிந்துபோனது, அதற்கு வேறு ஆள்...

எங்கள் உப்பளத்துப் பச்சமுத்து இப்படி ஒரு நாளாவது சொல்லியிருப்பானா? போன வாரம் சாயங்காலம் மதகுப் பலகையைத் தூக்கிவிட்டவன் இந்த ஆண்ட்ரூஸ், நான் பக்கத்தில்தான் நின்றேன், அதற்குள் நாடக ஒத்திகைக்கு ஆள் வந்து கூப்பிட்டது, "வாப்பா, வந்து மூடிக்கலாம்" என்று கிளம்பினான், நானும் கிளம்பினேன். இவன் மூன்று தடவை விழுந்து எழுந்து அழுது காட்டிக்கொண்டிருந்தான், அங்கே உப்பங்கழித் தண்ணீர் ஏறி, விளைந்து நின்ற உப்பைப் பாத்தி பாத்தியாகக் கரைத்துக்கொண்டிருந்தது. பழி பச்சமுத்து மேல், தண்ணீர் கட்டுகிறவன் அவன்தானே. முந்தாநாள் முதலாளி கொட்டகையில் ஒரு காகிதம், "கைநாட்டு இன்னாத்துக்குப்பா, நீதான் இப்ப படிச்சவனாச்சே, கையெழுத்தே போடு" என்று ஆண்ட்ரூஸ் மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினான். ஐம்பத்திரண்டு வயசில் முதல் தடவையாக ஒருத்தன் எனக்கு மை டப்பாவை நீட்டாமல் பேனாவை நீட்டினான். வேர்த்துவிட்டது, ரோஸ்லின் டீச்சர் மாலைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, சூ. சிலுவைமுத்து, கீழே ஒரு கோடு, கோடு கோணாமல் வந்ததில் ஒரு சந்தோஷம், வெட்கம் கெட்ட சந்தோஷம். மேலே இருந்ததைப் படிக்கவில்லை. படிக்கவில்லையா? முதல் வரியில் பச்சமுத்து என்று இருந்தது, எழுத்துக் கூட்டினேன், கடைசியில் கண்ணால் பார்த்தேன் என்று இருந்தது, அதையும் கூட்டினேன், நடுவில் இருந்ததைத்தான் படிக்கவில்லை, அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்...

இரண்டாவது கை. குனிகிறேன், ஆணியை இடுக்கில் வைக்கிறேன், ஒரு நூல் தள்ளி வைத்தால் என்ன, கூட்டம் இவன் அலறுவதை நடிப்பு என்றே நினைக்கும். "மதகத் தொறந்தது யாரு மேஸ்திரி?" என்று காதோரமாகக் கேட்கிறேன். "அண்ணே, ஜனம் பாக்குது, அடிச்சி முடிண்ணே." "யாருன்னு கேக்குறேன்." முள்முடிக்குக் கீழே கண்ணைத் திறந்து பார்க்கிறான், பயம் இருக்கிறது, ஆனால் அதற்கும் அடியில் ஒரு சிரிப்பு, "நானே தொறந்தேன்னு வெச்சிக்க, காயிதத்துல கையெழுத்து உன்துதானேண்ணே." சுத்தியல் இறங்குகிறது, கட்டையில்தான், சரியாக இடுக்கில்தான், தப்பவில்லை, பழகிய கை, த்தூ, இதுவும் ஒரு கையா. பெண்கள் ஓவென்று அழுகிறார்கள், எங்கள் தெரு அந்தோணிமேரி மார்பில் அடித்துக்கொள்கிறாள், யாருக்காக, இந்தப் பஞ்சுக் கைக்காகவா...

கயிறு கட்டிச் சிலுவையைத் தூக்குகிறார்கள், எல்லாத் தலையும் மேலே போகிறது, ஒரு தலை மட்டும் போகவில்லை. தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பச்சமுத்து, இன்றைக்கே சித்திரை ஒன்றும் சேர்ந்து வந்ததால் பெருமுக்கல் மலைக்குப் போய்விட்டு வந்திருப்பான், நெற்றி நிறைய விபூதி, பக்கத்தில் அவன் பெண்டாட்டி தெய்வநாயகி. என்னைத்தான் பார்க்கிறான். தெரிந்துவிட்டதா? இல்லை, கோபமில்லை அந்த முகத்தில், கையில் நாலாக மடித்த காகிதம், நான் கையெழுத்துப் போட்டதேதான், நேற்று முதலாளி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பினாராம், டீக்கடையில் சொன்னார்கள். அவனுக்கு எழுத்து தெரியாது, நான் மாலைப் பள்ளிக்குப் போனதிலிருந்து ரேஷன் கார்டோ, கரண்டு ஆபீஸ் நோட்டீஸோ, எது வந்தாலும் என்னிடம்தான் வருவான், "மாமா, இதுல இன்னா எழுதியிருக்குது, கொஞ்சம் பட்ச்சி சொல்லு" என்பான், படிக்கத் தெரிந்தவனை அவன் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. நாடகம் முடியட்டும் என்று பொறுமையாக நிற்கிறான். சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, எந்த வரியை விட்டுவிட்டுப் படித்தால் வலிக்காது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவனுக்கா, எனக்கா...